பொறியியல் படிக்கப் போகிறவர் பள்ளியில் என்ன பாடம் எடுக்க வேண்டும்?

பதினைந்து பதினாறு வயதில் கையில் ஒரு படிவம் வந்துசேரும். இனி எந்தப் பிரிவு, எந்தப் பாடங்கள் என்று டிக் அடிக்கச் சொல்லும். மெக்கானிக்கலுக்கும் சிவிலுக்கும் என்ன வித்தியாசம் என்று அந்த வயதில் சொல்லத் தெரியாவிட்டால் குற்றமில்லை. கல்லூரியில் சேர்ந்து ஒரு வருடம் ஆன பிறகும் பலருக்கு அது தெளிவாகத் தெரியாது. நல்லவேளையாக, படிவத்தை நிரப்ப அது தெரிய வேண்டியதும் இல்லை. எந்தப் பாடத்தை விட்டால் எந்தக் கதவு சாத்திக்கொள்ளும் என்று தெரிந்தால் போதும்.

எல்லாப் பாடங்களும் இந்த விஷயத்தில் ஒரே மாதிரி இல்லை. பொருளாதாரத்தைப் பள்ளியில் தொடாதவர் இருபது வயதில் முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்துப் படித்துவிடலாம். வரலாறும் அப்படித்தான். கணிதம் அப்படி இல்லை. இரண்டு வருடம் விட்டவர், விட்ட இடத்துக்குத் திரும்பிப் போய்த்தான் ஆக வேண்டும். அதற்குள் வகுப்பு எங்கேயோ போயிருக்கும். பொறியியலில் சேர்ந்த பிறகு கணிதம் வேண்டாம் என்று தோன்றினால் வேறு படிப்புக்கு மாறிக்கொள்ளலாம், கதவுகள் நிறைய உண்டு. பள்ளியில் கணிதத்தை விட்டுவிட்டுப் பிறகு பொறியியலுக்கு வர நினைப்பவருக்கு அவ்வளவு கதவுகள் இல்லை. முதலாண்டு மாணவர்களோடு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பழகியவன் நான். இந்த ஒரு விஷயத்தில் பிள்ளைகள் படும் பாட்டைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

கணிதம் ஏன் இவ்வளவு முக்கியம்? 'எல்லாத்துக்கும் மேத்ஸ் தேவை' என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் யாருக்கும் ஒட்டாது. ஒரு சின்ன சோதனை செய்து பாருங்கள்.

முப்பது சென்டிமீட்டர் மர ஸ்கேல் ஒன்றை, இரண்டு புத்தக அடுக்குகளுக்கு நடுவே பாலம் மாதிரி படுக்கவையுங்கள். நடுவில் விரலால் அழுத்தினால் வளையும். இப்போது அதே ஸ்கேலை விளிம்பில் நிற்கும்படி பிடித்து, அதே அளவு அழுத்துங்கள். வளைவது கண்ணுக்கே தெரியாது. மரம் அதேதான், எடை அதேதான், நீளமும் அதேதான். ஸ்கேலின் அகலம் 30 மில்லிமீட்டர், தடிமன் 3 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், நிறுத்திவைத்த ஸ்கேல் படுக்கவைத்ததைவிட 100 மடங்கு விறைப்பாக இருக்கும்.

100 எப்படி வந்தது? வளைவை எதிர்க்கும் தன்மை, அகலத்துக்கு நேர்விகிதத்திலும் உயரத்தின் மும்மடிக்கு நேர்விகிதத்திலும் கூடுகிறது. படுக்கவைக்கும்போது அகலம் 30, உயரம் 3. மூன்றின் மும்மடி 27, ஆக 30 × 27 = 810. நிறுத்தும்போது அகலம் 3, உயரம் 30. முப்பதின் மும்மடி 27,000, ஆக 3 × 27,000 = 81,000. சரி, ஏன் மும்மடி? இருமடியாக இருக்கக் கூடாதா? ஸ்கேலின் குறுக்குவெட்டை மெல்லிய பட்டைகளாக நறுக்குவதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பட்டையும் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அந்தத் தூரத்தின் வர்க்கத்தை, பட்டையின் பரப்பால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். அந்தக் கூட்டலுக்குப் பெயர்தான் தொகை நுண்கணிதம். கூட்டி முடித்தால், அகலத்தை உயரத்தின் மும்மடியால் பெருக்கி 12ஆல் வகுத்த அளவு கிடைக்கும். நடுக்கோட்டிலிருந்து தள்ளியிருக்கும் பொருள்தான் அதிகம் உழைக்கிறது என்பதும் அதே கணக்கிலிருந்து தெரிந்துவிடும். கட்டடங்களில் போடும் எஃகு விட்டங்கள் மேலேயும் கீழேயும் அகன்று, நடுவில் மெலிந்து இருப்பது இதனால்தான்.

நுண்கணிதம் தெரியாதவருக்கு அந்த 12 ஒரு மனப்பாட எண். செவ்வகம் கேட்டால் எழுதிவிடுவார். தேர்வில் டி (T) வடிவம் வந்தால் பேனா நின்றுவிடும். பொறியியல் முதல் இரண்டு வருடங்களில் இப்படிப் பேனா நிற்கும் இடங்கள் ஏராளம்.

மின்சாரம் பக்கம் போனால் இன்னொரு ஆச்சரியம். மாறுதிசை மின்னோட்டம் ஓடும் சுற்றில் ஒரு மின்தடையையும் ஒரு கம்பிச்சுருளையும் தொடராக இணைத்திருக்கிறோம். வோல்ட்மீட்டரை மின்தடையின் மேல் வைத்தால் 3 வோல்ட் காட்டுகிறது. சுருளின் மேல் வைத்தால் 4 வோல்ட். இரண்டும் சேர்ந்து 7 காட்ட வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். சுருளின் சொந்த மின்தடையை விட்டுவிட்டுப் பார்த்தால், மீட்டர் 5 காட்டும். இரண்டு அலைகளும் ஒரே நேரத்தில் உச்சத்தைத் தொடுவதில்லை, கால் சுற்று விலகி நிற்கின்றன. அதனால் செங்கோண முக்கோணத்தின் பக்கங்களைப் போல அவற்றைக் கூட்ட வேண்டியிருக்கிறது. இந்தக் கூட்டலைச் சுலபமாகச் செய்ய உதவுபவை கலப்பெண்கள். வகுப்பில் 'இல்லாத எண்ணை எதுக்குப் படிக்கணும்' என்று முணுமுணுக்க வைக்கும் அதே எண்கள். சார்லஸ் ஸ்டைன்மெட்ஸ் என்ற மின்பொறியாளர் 1893இல் இந்த முறையை முன்வைத்தார். இன்றைக்கும் மின்பொறியியல் மாணவர்கள் அப்படித்தான் கணக்குப் போடுகிறார்கள்.

ஆகவே, 'கணிதம் எடுத்திருக்கிறேன்' என்பதோடு விட்டுவிடாமல், அது எந்தக் கணிதம் என்றும் பார்க்க வேண்டும். பலர் தடுக்கி விழும் இடம் இது. ஒரே பெயரில், அல்லது ஏறக்குறைய ஒரே பெயரில், இரண்டு கணிதங்கள் பல பாடத்திட்டங்களில் உண்டு. பல நாட்டுப் பள்ளிகளில் நடக்கும் ஐபி (இன்டர்நேஷனல் பாக்கலோரியட்) டிப்ளமா திட்டத்தில் 2019 முதல் கணிதம் இரண்டு பாதையாகப் பிரிந்துவிட்டது. ஒன்று பகுப்பாய்வும் அணுகுமுறையும், மற்றது பயன்பாடும் விளக்கமும். இரண்டையுமே உயர்நிலையிலோ பொதுநிலையிலோ எடுக்கலாம். பொறியியல் துறைகள் பலவும் முதலாவதை, அதுவும் உயர்நிலையில் எதிர்பார்க்கின்றன. சில இடங்களில் இரண்டாவதையும் ஏற்கிறார்கள். 'பயன்பாடு' என்ற சொல்லைப் பார்த்துவிட்டு, பொறியியலுக்கு இதுதானே பொருத்தம் என்று இரண்டாவதை எடுப்பவர்கள் உண்டு. பெயர் ஏமாற்றிவிடும். இந்தியாவில் சிபிஎஸ்இ 2020-21இல் பதினோராம் வகுப்பில் கொண்டுவந்த பயன்பாட்டுக் கணிதமும் அப்படித்தான். வணிகவியல், சமூக அறிவியல் பக்கம் போகிறவர்களை மனதில் வைத்து அமைத்தது அது. வழக்கமான கணிதத்துக்கு அது மாற்று ஆகாது.

அமெரிக்க முறையில் படிப்பவர்கள், பள்ளியிலேயே கல்லூரி அளவில் நடக்கும் ஏபி (AP) நுண்கணிதத்தில் ஏபி (AB), பிசி (BC) என்ற இரண்டைப் பார்ப்பார்கள். AB-யில் இருப்பதெல்லாம் BC-யில் உண்டு, தொடர்கள் போன்றவை கூடுதலாக வரும். இயற்பியலிலும் இதே மாதிரி ஒரு பிரிவு இருக்கிறது. எண்கள் போட்ட ஏபி (AP) இயற்பியல் பாடங்கள் இயற்கணிதத்தோடு நின்றுவிடும், 'சி' போட்டவை நுண்கணிதத்தைப் பயன்படுத்தும். பள்ளியில் இருப்பவற்றில் நுண்கணிதம் அதிகமாக வரும் பாடத்தை எடுத்துக்கொள்வது பொறியியலுக்கு நல்லது.

பிரிட்டிஷ் முறையில் பள்ளியின் கடைசி இரண்டு வருடப் படிப்பான ஏ லெவலில் வழக்கமாக மூன்றே பாடங்கள். அதனால் அங்கே ஒவ்வொரு டிக்குக்கும் கனம் அதிகம். கணிதமும் இயற்பியலும் இரண்டு இடத்தைப் பிடித்துக்கொண்டால் மிச்சம் ஒன்றுதான். பள்ளியில் மேல்நிலைக் கணிதம் தனிப் பாடமாக நடந்தால் அந்த மூன்றாவது இடத்தை அதற்குக் கொடுக்கலாமா, நான்காவதாகச் சேர்க்கலாமா என்ற கேள்வி வரும். கலப்பெண்கள், அணிகள், வகைக்கெழுச் சமன்பாடுகள் எல்லாம் அதில்தான் ஆழமாக வருகின்றன. இந்தியப் பாடத்திட்டங்களில் இவை பொதுக் கணிதத்துக்குள்ளேயே ஓரளவு வந்துவிடும். போட்டி கடுமையாக உள்ள பல்கலைக்கழகங்கள் மேல்நிலைக் கணிதத்தை விரும்புகின்றன. ஆனால் அதைப் பிள்ளைகள் கட்டாயம் என்று நினைத்துப் பயப்பட வேண்டாம். எல்லாப் பள்ளியிலும் அந்தப் பாடம் கிடையாது என்பது பல்கலைக்கழகங்களுக்கும் தெரியும்.

இந்தியாவில் 2021இல் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் ஏஐசிடிஇ, 14 பாடங்களைப் பட்டியலிட்டு, அவற்றில் எவையேனும் மூன்று படித்திருந்தால் பொறியியலில் சேரத் தகுதி உண்டு என்று தன் கையேட்டில் சொன்னது. பன்னிரண்டாம் வகுப்பில் கணிதமே இல்லாமல் பொறியியலா என்று பெரிய எதிர்ப்புக் கிளம்பியது. மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல் போன்ற துறைகளுக்குக் கணிதம் முக்கியம் என்பதில் மாற்றமில்லை, படிக்காமல் வருகிறவர்களுக்கு இணைப்புப் பாடம் நடத்தப்படும் என்று பிறகு விளக்கம் வந்தது. விதி இடம் கொடுக்கலாம். முதல் பருவத் தேர்வின் வினாத்தாள் யாருக்கும் தனியாக இடம் கொடுக்காது. சேர முடியுமா என்று கேட்பவர்கள், சேர்ந்த பிறகு பாடம் புரியுமா என்பதையும் தயவுசெய்து கேளுங்கள்.

அப்புறம் இயற்பியல். மெக்கானிக்கல், சிவில், எலக்ட்ரிக்கல், விமானப் பொறியியல் என்று எதற்குப் போனாலும் இது கிட்டத்தட்ட கட்டாயம். விசை, திருப்புத்திறன், ஆற்றல், அலை, மின்சுற்று எல்லாம் அங்கே முதல் நாளிலிருந்தே தெரிந்ததாக வைத்துக்கொண்டு பாடம் நகரும். இங்கிலாந்தில் 2017இல் மாற்றியமைத்த ஏ லெவல் கணிதத்தில் விசையியலும் எல்லோருக்கும் உண்டு. அதனால் இயற்பியல் எடுக்காதவருக்கும் கொஞ்சம் பழக்கம் இருக்கும். ஆனாலும் மின்சாரமும் வெப்பமும் ஆய்வகமும் அதில் கிடைக்காது.

ஆய்வகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அளவுக்குப் பக்கத்தில் அலகை எழுதாவிட்டால் ஆசிரியர் மதிப்பெண் குறைப்பார், நமக்கு எரிச்சலாக இருக்கும். 1999இல் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் செவ்வாயை நெருங்கும்போது தொலைந்துபோனது. ஒரு மென்பொருள் உந்துகையை பவுண்டு-விசை அலகில் கொடுக்க, அதை வாங்கிய பக்கம் நியூட்டன் என்று எடுத்துக்கொண்டதுதான் காரணம். அலகு எழுதும் பழக்கம் பள்ளி ஆய்வகத்தில்தான் கையில் ஏறுகிறது. எல்லா ஊரிலும் செய்முறை வகுப்பை ஒப்புக்கு நடத்தும் பள்ளிகள் இருக்கின்றன. தேர்ந்தெடுக்க வாய்ப்பு இருந்தால், மாணவர் கையாலேயே அளந்து பார்க்க விடும் பள்ளிக்குப் போங்கள்.

வேதியியல் போகிற இடத்தைப் பொறுத்தது. கெமிக்கல் இன்ஜினியரிங் என்றால் பெரும்பாலும் கேட்பார்கள். பொருளறிவியல், உயிரித்தொழில்நுட்பம், பெட்ரோலியம் பக்கம் போனாலும் கைகொடுக்கும். பள்ளிப் புத்தகத்தில் அமோனியா தயாரிப்பு ஒரு பாடமாக வரும்: நைட்ரஜன், ஹைட்ரஜன், இரும்பு வினையூக்கி, 450 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பம், 200 வளிமண்டல அழுத்தம். வேதியியல் மாணவர் அந்தச் சமன்பாட்டோடு நிறுத்திக்கொள்ளலாம். பொறியாளரின் வேலை அங்கேதான் தொடங்குகிறது. ஒருமுறை உலையைக் கடந்து வரும் வாயுவில் ஏறத்தாழ 15 சதவீதம்தான் அமோனியாவாக மாறியிருக்கும். மிச்சத்தை என்ன செய்வது? அமோனியாவைக் குளிரவைத்துத் திரவமாகப் பிரித்துவிட்டு, மாறாத வாயுவைத் திரும்ப உலைக்கே அனுப்ப வேண்டும். வினையில் வெளிவரும் வெப்பத்தையும் வீணாக்காமல், உள்ளே வரும் வாயுவைச் சூடாக்கப் பயன்படுத்த வேண்டும். இந்த இரண்டாவது பாதியைப் படிக்கும்போது மனம் துள்ளுகிறதா என்று உங்களையே கேட்டுப்பாருங்கள். துள்ளினால் வேதியியலை விடாதீர்கள்.

இந்தியாவிலும் இலங்கையிலும் இந்தக் கேள்வியே பெரும்பாலும் எழாது. ஜேஇஇ மெயினின் பொறியியல் தாளே கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றிலிருந்தும்தான் கேட்கிறது. இலங்கை உயர்தரத்தில் பௌதிக விஞ்ஞானப் பிரிவில் பொறியியலுக்குப் போக இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் என்று மூன்றும் சேர்ந்தே வரும்.

கம்ப்யூட்டர் சயின்ஸைப் பற்றித்தான் அதிகக் குழப்பம். கணினிப் பொறியியல் படிக்க ஆசைப்படும் பிள்ளைகள், பள்ளியில் அந்தப் பாடம் இல்லாவிட்டால் எல்லாம் முடிந்துபோனது என்று கலங்குகிறார்கள். முடிந்துபோகவில்லை. பல பல்கலைக்கழகங்கள் நிரல் எழுதுவதை முதல் பருவத்தில் அடியிலிருந்தே சொல்லிக்கொடுக்கின்றன. சேர்க்கைக்கு அவை கேட்பதும் கணிதத்தைத்தான். பள்ளியில் எடுக்க வாய்ப்பிருந்தால் சந்தோஷமாக எடுங்கள். அதற்காகக் கணிதத்தையோ, துறை இன்னும் முடிவாகவில்லை என்றால் இயற்பியலையோ விட்டுவிடாதீர்கள். நிரல் எழுதுவதை வீட்டில் உட்கார்ந்து நீங்களே பழகிக்கொள்ளலாம். நுண்கணிதத்தை அப்படித் தனியாகக் கற்றுத் தேறுவது மிகச் சிலருக்கே கைகூடும்.

உயிரியல், மருத்துவக் கருவிகள் பக்கம் போகிறவர்களுக்குத் துணையாக இருக்கும். வரைகலையும் வடிவமைப்பும் முப்பரிமாணத்தில் யோசிக்கும் பழக்கத்தைத் தரும். மொழிப் பாடத்தைக் கைகழுவிவிட வேண்டாம், பொறியாளர் வாழ்நாளெல்லாம் அறிக்கை எழுதுகிறவர்.

இனி சான்றிதழ் விஷயம். பொதுத்தேர்வு வழி ஒன்று, தொழிற்கல்வி வழி ஒன்று. டிப்ளமா, பாலிடெக்னிக் என்று போகிறவர்களுக்குக் கைவேலை நன்றாக வரும். லேத்தின் முன்னால் நின்று உலோகம் கடைந்தவருக்கு, உற்பத்திப் பாடத்தில் வரும் பாதி விஷயம் படிக்காமலேயே புரியும். இந்தியாவில் டிப்ளமா முடித்தவர்கள் பொறியியல் பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். ஆனால் முதலாண்டுக் கணிதத்தின் பெரும்பகுதியைத் தாண்டிக் குதித்து வருகிறார்கள் என்பதால், இரண்டாம் ஆண்டுக் கணிதம் திணறடிக்கும். சேருவதற்கு முந்தைய விடுமுறையில் நுண்கணிதத்தைத் தூசிதட்டிக்கொண்டு வந்தவர்கள் தப்பித்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

இந்த வழியில் போகும் முன் ஒன்றைக் கண்டிப்பாக விசாரியுங்கள்: முடிவில் கிடைக்கப்போவது பொறியியல் பட்டமா, பொறியியல் தொழில்நுட்பப் பட்டமா? பெயரில் ஒரு சொல்தான் வித்தியாசம், வேலையிலும் அங்கீகாரத்திலும் அது பெரிய வித்தியாசம். இலங்கையில் 2013இல் தொடங்கிய தொழில்நுட்பப் பிரிவு மாணவர்களைத் தொழில்நுட்பப் பட்டங்களுக்கு அழைத்துப்போகிறது, பொறியியல் பீடத்துக்குள் போவது பௌதிக விஞ்ஞானப் பிரிவு. உலக அளவிலும் இந்தப் பிரிவு உண்டு. பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ள 1989இல் வாஷிங்டன் உடன்படிக்கை வந்தது. பொறியியல் தொழில்நுட்பப் பட்டங்களுக்கு 2001இல் சிட்னி உடன்படிக்கை தனியாக வந்தது. இதில் உயர்ந்தது தாழ்ந்தது என்று எதுவும் இல்லை. ஒன்றை நினைத்துக்கொண்டு இன்னொன்றில் போய் நிற்கக் கூடாது, அவ்வளவுதான்.

பல்கலைக்கழகத்தின் சேர்க்கை விவரத்தைப் படிக்கும்போது இரண்டு சொற்களைப் பிரித்துப் பாருங்கள். 'கட்டாயம்' என்று இருந்தால் அந்தப் பாடம் இல்லாத விண்ணப்பத்தைத் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள். 'விரும்பத்தக்கது' என்றால் இருந்தால் நல்லது. நுழைவுத்தேர்வு இருந்தால் அது எந்தப் பாடங்களிலிருந்து கேட்கிறது என்பதும் முக்கியம். கேம்பிரிட்ஜில் பொறியியலுக்கு விண்ணப்பிப்பவர்கள் எழுதும் நுழைவுத்தேர்வில் கணிதத்துக்கே இரண்டு பகுதிகள், இயற்பியலுக்கு ஒன்று. அதற்கு மேல் அந்தத் துறை எதைப் பெரிதாக நினைக்கிறது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

'கணிதத்தில் மார்க் குறையும், சுலபமான பாடத்தை எடுத்துச் சதவீதத்தை ஏற்றிக்கொள்ளலாமே' என்று அக்கறையோடு யோசனை சொல்கிறவர்கள் இருப்பார்கள். பொறியியலுக்கான தரவரிசை பெரும்பாலும் குறிப்பிட்ட பாடங்களின் மதிப்பெண்ணை வைத்துத்தான் போடப்படுகிறது. தமிழ்நாட்டு பொறியியல் கலந்தாய்வில் கட்-ஆஃப் மொத்தம் 200. அதில் கணிதத்துக்கு மட்டும் 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஆளுக்கு 50. நான்காவது பாடத்தில் நூற்றுக்கு நூறு வாங்கினாலும் இந்த 200இல் ஒன்றும் ஏறாது.

கணிதம் பிடிக்கவில்லை என்று சொல்லும் பிள்ளையிடம் உடனே 'அப்போ உனக்கு இன்ஜினியரிங் வேண்டாம்' என்று சொல்லிவிடாதீர்கள். எது பிடிக்கவில்லை என்று கேளுங்கள். வகுப்பின் வேகம் பிடிக்காமல் இருக்கலாம், ஒன்பதாம் வகுப்பில் இயற்கணிதம் நழுவிப்போய் அதற்குப் பிறகு எதுவுமே ஒட்டாமல் இருக்கலாம். இரண்டும் சரிசெய்யக்கூடியவை. அந்த ஸ்கேல் சோதனையைச் செய்துகாட்டுங்கள். 'ஏன் வளையலை?' என்று பிள்ளை கேட்டால் நம்பிக்கையோடு கணிதத்தை எடுக்கச் சொல்லலாம். பலமுறை முயன்றும் காரணம் தெரிந்துகொள்ளும் ஆசையே வரவில்லை என்றால், வேறு நல்ல படிப்புகள் காத்திருக்கின்றன.

படிவத்தைக் கொடுக்கும் முன் ஒரு தாளில் கட்டம் போடுங்கள். பக்கவாட்டில் மனதுக்குப் பிடித்த மூன்று துறைகள், மேலே போக விரும்பும் மூன்று பல்கலைக்கழகங்கள். ஒன்பது கட்டங்களிலும் அவரவர் கேட்கும் கட்டாயப் பாடங்களை, அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் இந்த வருட அறிவிப்பைப் பார்த்து எழுதுங்கள். போன வருடம் சேர்ந்த அண்ணனோ அக்காவோ சொன்னதை வைத்து எழுத வேண்டாம், விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. ஒன்பதிலும் வரும் பாடத்தை முதலில் எடுங்கள். ஆறேழு கட்டத்தில் வருவதை அடுத்து எடுங்கள். அதற்குப் பிறகும் ஓர் இடம் காலியாக இருந்தால், யாரும் சொல்லாமலே எந்தப் பாடத்தின் புத்தகத்தைத் திறப்பீர்களோ அதற்குக் கொடுங்கள்.

ஏற்கெனவே கணிதத்தை விட்டுவிட்டேனே என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. பிரிட்டனில் பல பல்கலைக்கழகங்கள் அடித்தள ஆண்டு ஒன்றை நடத்துகின்றன. தேவையான கணிதத்தையும் இயற்பியலையும் அந்த ஒரு வருடத்தில் படித்துவிட்டு முதலாண்டுக்குள் போகலாம். தனித்தேர்வராகக் கணிதத் தேர்வை எழுதும் வசதியும் பல தேர்வு அமைப்புகளில் உண்டு. ஒரு வருடம் கூடும், செலவும் கூடும். பணம் கட்டுவதற்கு முன், அந்த ஆண்டை முடித்தால் எந்தெந்தத் துறையில் சேர முடியும், எத்தனை மதிப்பெண் வேண்டும் என்று பல்கலைக்கழகத்திடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.